கே.பி.சுந்தராம்பாள்: ரயிலில் பாடிய சிறுமி ரூ.1 லட்சம் சம்பளம் வாங்கியது எப்படி?

'திருவிளையாடல்' படத்தில் கோபித்துக்கொண்ட முருகனைப் பாடிச் சமாதானப்படுத்தும் ஔவையாரை மறக்க முடியுமா? அவர்தான் கே.பி.சுந்தராம்பாள்.

யார் இவர்?

கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்தின் எல்லையில் ஓடும் காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது கொடுமுடி. 1908-ல் அங்கே பிறந்தவர். இனிஷியலில் 'கே' என்பது கொடுமுடி, 'பி' என்பது அம்மா பாலாம்பாளின் பெயர். அப்பா சீக்கிரமே இறந்துவிட, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமிக்கு நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது.

அப்போது மைக் எல்லாம் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் குரல் எட்டணும். அந்தக் கணீர் குரல்தான் அவருடைய சொத்து.

25 வயதில் வெள்ளைப் புடவை

இலங்கை நாடக மேடையில் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் அறிமுகம். ஏற்கெனவே திருமணமானவர் என்று தெரிந்தும் அவரை மணந்தார். பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்தது. அடுத்து பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பாவும் போய்விட்டார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

நகைகளைக் கழற்றினார், வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நாயகிக்கு ஜோடி தேவைப்பட்ட காலத்தில், இது பிழைப்பையே பணயம் வைக்கும் முடிவு.

அந்த ஒரு லட்சம்

1935-ல் வந்தது 'பக்த நந்தனார்'. ஜோடியே தேவையில்லாத வேடம், அதுவும் ஆண் வேடம். நந்தனாராக நடிக்க அவருக்குக் கிடைத்த சம்பளம் ரூ.1 லட்சம். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

காங்கிரஸ் மேடைகளிலும் அவர் பாட்டு ஒலித்தது. சத்தியமூர்த்தி போன்ற தலைவர்களின் பிரசாரத்துக்குப் பெரும் பலமாக இருந்தார். 1950-களில் மேலவை உறுப்பினரும் ஆனார்.

ஔவையாராகவே நிலைத்தவர்

1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' பெரும் வெற்றி. பிறகு 'பூம்புகார்', 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை'. 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ.

1980-ல் மறைந்தார். கிட்டப்பா இறந்து கிட்டத்தட்ட 47 வருஷம் ஆகியிருந்தது. கடைசி வரை வெள்ளைப் புடவையும் மாறவில்லை, ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவும் மாறவில்லை.