ஜான்-பிரான்சுவா சம்போலியன்

ஜான்-பிரான்சுவா சம்போலியன் (டிசம்பர் 23, 1790 – மார்ச் 4, 1832) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மொழியறிஞர் ஆவார். பண்டைய எகிப்தியப் படவெழுத்துக்களைப் படிக்கும் முறையைக் கண்டறிந்த இவர், அம்மொழியின் சொல்லாக்கத்தையும் சொற்றிரிபுகளையும் விளக்கும் இலக்கண நூலையும் எழுதினார். எகிப்தியவியலின் தந்தை என இவர் குறிப்பிடப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

சம்போலியன் பிரான்சின் ஃபிஜாக் நகரில் புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மூத்த சகோதரரான ஜாக்-ஜோசப் இவரது கல்விக்குப் பொறுப்பேற்றார். 1807 ஆம் ஆண்டில் பாரிசுக்குச் சென்று கீழைத்தேய மொழிகளைக் கற்றார். அவற்றுள் கோப்து மொழியில் தனி ஈடுபாடு கொண்டார். கோப்து, எகிப்திய மொழியின் இறுதி வடிவமாகும். அது பெரும்பாலும் கிரேக்க எழுத்துக்களால் எழுதப்படுவதால் அதன் ஒலிப்பும் இலக்கணமும் அறியப்பட்டிருந்தன.

எழுத்துமுறையைக் கண்டறிதல்

1799 இல் கண்டெடுக்கப்பட்ட ரொசெட்டாக் கல்லில் ஒரே அரசாணை படவெழுத்து, மக்கள் வழக்கெழுத்து, கிரேக்கம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் அதில் தொலெமி என்னும் பெயரின் சில ஒலிகளை முன்னரே இனங்கண்டிருந்தார். 1821 இல் சம்போலியன் கல்லிலுள்ள குறிகளை எண்ணினார். 486 கிரேக்கச் சொற்களுக்கு இணையாக 1,419 படவெழுத்துக் குறிகள் இருந்தன. ஆகவே ஒவ்வொரு குறியும் ஒரு முழுச் சொல்லைக் குறிக்க முடியாது என்பது தெளிவாயிற்று.

இவர் தொலெமி, கிளியோபாட்ரா ஆகிய பெயர்களை ஒப்பிட்டு மேலும் பல ஒலிகளை அறிந்தார். ராம்சேஸ் என்னும் பெயரில், சூரியனையும் பிறப்பையும் குறிக்கும் கோப்துச் சொற்களின் மூலங்களைக் கண்டார். இம்முடிவுகளுள் ஒரு பகுதி 1822 செப்டம்பர் 27 அன்று பாரிசில் அறிஞர் அவை முன் வாசிக்கப்பட்டது. 1824 இல் வெளியான நூலில் இவர் தமது முறையை விரிவாக விளக்கினார்.

இலக்கண ஆய்வு

எகிப்திய எழுத்தில் மெய்யொலிகள் மட்டுமே எழுதப்பட்டன. 'ஸ்-ன்' என்பது சகோதரனைக் குறிக்கும். அதனுடன் பெண்பால் விகுதியாகிய 'த்' சேர்ந்தால் சகோதரி என்றாகும். பன்மையைக் காட்டப் பெரும்பாலும் மூன்று கோடுகள் இடப்பட்டன. 'ப்-ர்' என்றால் வீடு. அதன் இறுதியில் கொம்புள்ள பாம்பின் உருவம் வந்தால் அவனுடைய வீடு என்று பொருள்படும். அவ்வுருவத்தின் ஒலி 'ஃப்' ஆகும். கோப்து மொழியிலும் இதே ஒலி 'அவன்' என்பதைக் குறிக்கிறது. இத்தகைய ஒப்பீடுகளால் பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் உறுப்புக்களை இவர் பிரித்தறிந்தார்.

எனினும் இவர் பண்டைய எகிப்திய மொழியைக் கோப்து மொழியுடன் மிக நெருக்கமாக வைத்துப் பார்த்தார். சில குறிகள் இரண்டு அல்லது மூன்று மெய்யொலிகளைத் தரும் என்பதை 1837 இல் செருமானிய அறிஞர் ரிச்சர்ட் லெப்சியஸ் தெளிவுபடுத்தினார்.

இறுதிக் காலம்

1828–1829 இல் எகிப்தில் கல்வெட்டுக்களை நேரில் படித்துத் தமது முறையைச் சோதித்தார். 1831 இல் கொலேஜ் டி பிரான்ஸ் நிறுவனத்தில் பேராசிரியரானார். நோயுற்ற நிலையிலும் இலக்கண நூலை எழுதிவந்த இவர், அது அச்சாகும் முன்னரே 41 ஆவது வயதில் காலமானார். இவரது கையெழுத்துப் படிகளுள் சிலவற்றை மாணவர் சல்வோலினி கவர்ந்து, அவற்றிலிருந்த கண்டுபிடிப்புக்களைத் தமதாக வெளியிட்டார். எஞ்சியவற்றைத் தொகுத்த ஜாக்-ஜோசப், இலக்கண நூலை 1836 முதல் 1841 வரை பகுதிகளாக வெளியிட்டார். 1866 இல் கண்டெடுக்கப்பட்ட கனோபஸ் அரசாணை, சம்போலியனின் முறை சரியானதே என்பதை உறுதிப்படுத்தியது.