திடல் வளர்த்த பெருமகன் எச். சி. பக்

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையே அமைந்துள்ளது எங்கள் ஊராகிய அடி அண்ணாமலை. பாதை நெடுகிலும் பழைய மண்டபங்கள் உண்டு. அவற்றை எழுப்பியவர்கள் தாம் தங்குவதற்காக எழுப்பவில்லை. முன்பின் அறியாத வழிப்போக்கனின் களைப்பை நினைத்துக் கல்லின்மேல் கல் அடுக்கினார்கள். அத்தகைய மண்டபம் ஒன்றைக் கல்லால் அன்றி, புல்லாலும் மணலாலும் எழுப்பிய ஒரு மனிதரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். ஆயினும் நம் நாட்டு இளைஞருக்காகவே வாழ்ந்தவர்.

அவரை நான் அறிந்ததே ஒரு தற்செயல்தான். எங்கள் குடும்பத்துக்கு ஊர் ஓரத்தில் 30 சென்ட் நிலம் உண்டு. தாத்தா காலம் தொட்டு அங்கே பிள்ளைகள் கைப்பந்து ஆடி வருகிறார்கள். இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே வலை கட்டித்தான் நானும் ஆடக் கற்றேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் ஆளுக்குப் பத்துச் சென்டாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அக்காள் திருமணக் கடன் இன்னும் அடையவில்லை. ஆகவே விற்றுவிடலாம் என்று வீட்டில் முதலில் சொன்னவனே நான்தான். அந்தச் சமயத்தில் ஒரு போட்டியைக் காண நண்பர்களுடன் சென்னை நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குச் சென்றேன். மாநகரின் நெஞ்சில் அத்தனை பரந்த பசுந்திடலா என்று வியந்து நின்றேன். இதை உண்டாக்கியவர் யார் என்று வினவியபோது கிடைத்த பெயர்தான் ஹாரி குரோ பக்.

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பக் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் கிறித்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்றார். கூடைப்பந்து பிறந்த இடம் அதுவே. 1891-இல் அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார். அதே சங்கத்தின் ஹோலியோக் கிளையில் 1895-இல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். எங்கள் ஊர் வேப்ப மரத்தடி வலைக்கும் அந்தச் சங்கத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அந்தச் சங்கத்தின் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1844-இல் இலண்டன் மாநகரில் துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர், தம்மைப் போன்ற கடைச் சிப்பந்திகள் சிலரைக் கூட்டி அதனைத் தொடங்கினார். சென்னையில் 1890-இல் டேவிட் மெக்கானகி என்பவர் கிளை கண்டார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே அதற்கென எழுந்த அழகிய கட்டடம் 1900-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் தந்தவர் ஃபிலடெல்ஃபியா நகரத்து வணிகர் ஜான் வானமேக்கர். கொடுத்தவர் கடல் கடந்து இருந்தார். பயன் பெற்றவர்களோ சென்னைக்குப் படிக்க வந்த நம்மவர்கள். சொத்து ஒருவர் பெயரில் இல்லாமல் ஓர் அறத்தின் பெயரில் இருந்தால், அதன் பயன் தலைமுறை கடந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பக் சென்னைக்கு வந்த ஆண்டு 1919. அன்று நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் கட்டளைக்குக் கை கால் வீசும் டிரில்தான். விளையாட்டும் கல்வியே, அதைக் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று பக் உறுதியாக நம்பினார். மறு ஆண்டே, 1920-இல், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களைக் கொண்டு உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அகில இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் பொதுச் செயலாளராக விளங்கியவர் நம் சேலத்தில் பிறந்த கே. டி. பால் என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தியாகும். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரும் அவரே.

1924-இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்திய வீரர்களுக்குப் பயிற்சியாளராக பக் உடன் சென்றார். புகழுக்கு அது போதும். அவரோ திரும்பி வந்து மீண்டும் ஆசிரியர்களை உருவாக்கும் பணியிலேயே அமர்ந்தார். வீரன் ஒருவன் பதக்கம் ஒன்றைக் கொணர்வான். ஆசிரியன் ஒருவன் ஆயிரம் பிள்ளைகளைத் திடலுக்குக் கொணர்வான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். மேனாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் பயிற்சியில் இடமளித்தார். ஆட்ட விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். 1930-களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டைப் பகுதியில், இன்றைய நந்தனத்தில், அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட பரந்த வெளியில் வேரூன்றியது. கிறித்தவத் தொண்டாக எழுந்த அந்நிலையத்தில் எல்லாச் சமயத்து மாணவரும் பயின்றனர், இன்றும் பயில்கின்றனர். தமிழகத்துப் பள்ளிகள் பலவற்றில் விசிலும் கையுமாக நிற்கும் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் அத்திடலின் பிள்ளைகள்.

தம் நாட்டில் வசதியாக வாழ வழியிருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே உழைத்து, 1943-இல், அறுபது வயது நிறையுமுன்னரே பக் மறைந்தார். ஆயினும் திடல் மறையவில்லை. சென்னைப் புத்தகக் கண்காட்சி பல ஆண்டுகள் அத்திடலில் நடந்திருக்கிறது. நூல் வாங்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர், நம் காலடியில் இருப்பது யாருடைய உழைப்பு என்று எண்ணிப் பார்க்கிறோம்?

நண்பர்களே! அந்த நிலத்தையும் மனைகளாகக் கூறுபோட்டிருந்தால் கோடிகள் குவிந்திருக்கும். கூறுபோடாமல் காத்ததால் மனிதர்கள் உருவானார்கள். காப்பதும் எளிதன்று, வேலி வேண்டும், வரி வேண்டும், கணக்கு வேண்டும், ஆண்டுதோறும் பொருள் வேண்டும். ஒருவர் கொடுத்ததைப் பின்வந்தோர் பேணாவிட்டால் மண்டபத்திலும் ஆலமரம் முளைத்துவிடும்.

ஊர் திரும்பியதும் கயிறு எடுத்துக்கொண்டு போய் எங்கள் நிலத்தை அளந்தேன். கைப்பந்துத் தளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் மும்மூன்று மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்ட் போதும். அப்பாவின் பங்கு பத்துச் சென்ட்! இதைச் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பெரியப்பாவும் சித்தப்பாவும் தம் பங்கை விற்றாலும், நம் பங்கைத் தை மாதம் வரை தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கடன் தவணை தையில் வருகிறது. அதுவரை காலையில் பால் கறந்து ஊற்றும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன். தவணைக்கு அது போதுமா என்று எனக்கே ஐயந்தான். ஆனால் விற்கலாம் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. ஆகவே முதலில் உழைக்க வேண்டிய கையும் என்னுடையதே.

வேப்ப மரங்களுக்கு நடுவே வலை இன்னும் கட்டியிருக்கிறது. மாலையில் வாருங்கள், ஆடலாம்.