முடிசூடா இளவரசன் ஆதித்த கரிகாலன்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாக நாம் அறிந்த ஆதித்த கரிகாலன் கற்பனைப் பாத்திரம் அல்லன். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழ இளவரசன். சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவிக்கும் மூத்த மகனாகப் பிறந்தான். குந்தவையும் இராசராசனும் இவனுடைய உடன்பிறந்தோர்.

இளம் பருவத்திலேயே சேவூர்ப் போரில் பாண்டியரை எதிர்த்துப் பொருதான். பின்னர் வீரபாண்டியனை வென்று, அவன் தலைகொண்டவன் என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். தந்தையார் இவனுக்கு இளவரசுப் பட்டம் சூட்டினார். ஆயினும் அரியணை ஏறும் நாள் வரவில்லை. கி.பி. 970ஆம் ஆண்டளவில் இவன் கொலையுண்டான். மகனை இழந்த சுந்தர சோழரும் சில ஆண்டுகளில் மறைந்தார். அடுத்து உத்தம சோழர் அரசாண்டார்.

கொன்றவர் யாவர்? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. 985இல் முடிசூடிய இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தோரைத் துரோகிகள் என்று குறித்து, அவர்தம் உடைமைகளும் உறவினர் உடைமைகளும் பறிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. கொலையின் காரணத்தை மட்டும் அது கூறவில்லை. புதினங்கள் பிறக்க இடமளித்ததும் அந்த மௌனமே.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கல் காத்து வருவது நம் தமிழ் எழுத்தையே. கதையை விரும்பிக் கேட்கும் நம் சிறார்கள், அக்கல்லின் முன் நின்று எழுத்துக் கூட்டி வாசிக்கும் நாள் வரவேண்டும் என்பதே எம் விழைவு.