முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலத்தில், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சட்டசபை உறுப்பினராகிப் பெண்கள் நலனுக்குப் பாடுபட்டார்.

அம்மையாரின் தங்கை புற்றுநோய்க்கு இரையானார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவர் உள்ளத்தை வாட்டியது. ஆயினும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். 1925-இல் இலண்டன் சென்றபோது, அந்நோய்க்கெனவே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். அத்தகையதொன்று நம் நாட்டிலும் வேண்டுமென உறுதி பூண்டார்.

பொருளுடையோர் அயல்நாடு செல்லலாம்; ஏழை எங்கே செல்வார்? இவ்வெண்ணமே அம்மையாரை ஊக்கியது. பலரிடமும் சென்று பொருள் திரட்டினார். 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மருத்துவராகிய அவர் மைந்தர் கிருஷ்ணமூர்த்தி அன்னைக்குத் துணைநின்றார். சில ஆண்டுகளில் அங்குக் கோபால்ட்-60 கருவி நிறுவப்பெற்றது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதனின்று வெளிப்படும் காமாக் கதிர்கள் உடலினுள் ஊடுருவிப் புற்றணுக்களை அழிப்பன. அக்கதிர்களின் பயன் வறியவர்க்கும் கிட்டியது.

1968-இல் அம்மையார் மறைந்தார். தங்கை ஒருத்தியை இழந்த அவர், எண்ணற்ற தங்கையர் உயிர் பிழைக்க வழிவகுத்தார்.