தங்கையை இழந்த மருத்துவர்

சுகாதாரப் பாடவேளையில் ஆசிரியை புற்றுநோய் பற்றிக் கற்பித்தபோதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறிந்தேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில் படித்து, 1912இல் சென்னையில் மருத்துவரானார். 1923இல் அவருடைய தங்கையைப் புற்றுநோய் பறித்தது. மருத்துவராக இருந்தும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. அத்துயரை மனதில் வைத்தே பல்லாண்டுகள் உழைத்து, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 1968இல் மறைந்தார்.

என் உம்மும்மா மார்பில் கண்ட கட்டியை வெட்கத்தால் மறைத்தார். நோய் முற்றிய பிறகே சொன்னார். நேரத்தோடு கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று அன்று மாலை உம்மாவிடம் சொன்னேன். மறுவாரமே இருவரும் சுகவனிதையர் கிளினிக்கிற்குப் போனோம்.