475 போர் விமானங்களை வாங்கிய சினிமா விமானி

இரண்டாவது உலகப்போர் 1945-ம் ஆண்டில் முடிந்தது. ஆயிரக்கணக்கான போர் விமானங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அமெரிக்க அரசாங்கம் அவற்றை மைதானங்களில் வரிசையாக நிறுத்தி, விலைக்கு விற்றது.

மறு ஆண்டு, ஓக்லஹாமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் நின்ற விமானங்களை ஒருவர் மொத்தமாக வாங்கினார். சுமார் 475 விமானங்கள்! விலை 55 ஆயிரம் டாலர். ஒரு விமானத்துக்கு 116 டாலர்கூட ஆகவில்லை.

உலகின் ஆறாவது பெரிய விமானப்படை தம்முடையதுதான் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். அவர் பெயர் பால் மாண்ட்ஸ். ஹாலிவுட் படங்களில் விமான சாகசங்கள் செய்து புகழ் பெற்றவர்.

ரெயிலை நோக்கிப் பாய்ந்தார்

மாண்ட்ஸ் 1903-ம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்தார். 12 வயதில், துணியால் இறக்கை செய்து மரத்தில் இருந்து குதிக்கப் போனார். தாயார் தடுத்துவிட்டார்.

வளர்ந்ததும் ராணுவ விமானப் பள்ளியில் சேர்ந்தார். பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு வினை செய்தார். எதிரே வந்த ரெயிலை நோக்கி விமானத்தில் பாய்ந்து, மோதுவதுபோல் நெருங்கி, மேலே எழும்பினார். ரெயிலுக்குள் ராணுவ அதிகாரிகள் இருந்தனர்! மாண்ட்ஸ் வெளியேற்றப்பட்டார்.

ராணுவம் வேண்டாம் என்றவரை சினிமா அழைத்துக்கொண்டது. 1932-ம் ஆண்டு "ஏர் மெயில்" படத்துக்காக, விமானக் கொட்டகையின் ஒரு வாசலில் பறந்து நுழைந்து, மறு வாசல் வழியாக வெளியே வந்தார்.

யானைக்குத் தீனி

யானையை வாங்கிவிடலாம், தீனி போடுவதுதான் கடினம். போர் விமானமும் அப்படித்தான். பறந்தாலும் செலவு, நின்றாலும் செலவு. என்ஜினை அவ்வப்போது கழற்றிப் பழுது பார்க்க வேண்டும். உதிரி பாகங்கள் வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்குகள் வேண்டும்.

மாண்ட்ஸ் கணக்குத் தெரிந்தவர். 12 விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டார். மற்றவற்றைப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். அதிலேயே நல்ல லாபம் கிடைத்தது.

மிஞ்சிய விமானங்கள் சும்மா நிற்கவில்லை. உழைத்துச் சம்பாதித்தன.

"மஸ்டாங்" என்ற சண்டை விமானத்தின் இறக்கைகளுக்குள்ளேயே பெட்ரோல் நிரப்ப ஏற்பாடு செய்தார். கலிபோர்னியாவில் இருந்து கிளீவ்லாந்து நகருக்கு 2 ஆயிரம் மைலுக்கு மேல் பறக்கும் பெண்டிக்ஸ் பந்தயத்தில் 1946, 1947, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவருக்கே வெற்றி!

அவரிடம் இருந்த ஒரு பி-25 விமானம், குண்டுக்குப் பதில் காமிராவைச் சுமந்தது. 1952-ல் வெளிவந்த சினிராமா படத்துக்காக ஆகாயத்தில் இருந்து காட்சிகளை எடுத்தது.

மஸ்டாங் விமானம் ஒன்றை சார்லஸ் பிளேர் என்ற விமானி வாங்கினார். 1951-ம் ஆண்டு அதில் தன்னந்தனியாக வடதுருவத்தைக் கடந்தார். அந்த விமானம் இன்று அமெரிக்க தேசிய வான், விண்வெளி மியூசியத்தில் இருக்கிறது.

பாலைவனத்தில் முடிவு

1965-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி. பாலைவனத்தில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் பாகங்களைக் கொண்டே புது விமானம் கட்டித் தப்புகிறவர்களின் கதை, படமாகிக்கொண்டிருந்தது. அதற்காக, பல விமானங்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு விமானம் செய்திருந்தார்கள்.

மாண்ட்ஸ் அதைத் தரையை ஒட்டி ஓட்டிவந்தார். விமானம் ஒரு மணல் மேட்டில் இடித்து, இரண்டாக உடைந்தது. 61 வயது மாண்ட்ஸ் அங்கேயே உயிர் இழந்தார். உடன் இருந்த சாகசக் கலைஞர் காயத்துடன் பிழைத்தார்.

ஜெட்டுக்கும் அதே கணக்கு

மாண்ட்ஸ் வாங்கியவை விசிறி சுழன்று பறக்கும் விமானங்கள். பிற்காலத்தில், ஓய்வு பெற்ற ஜெட் விமானங்களும் தனியார் கைக்கு வந்தன. அவற்றின் தீனி இன்னும் பெரிது.

இங்கிலாந்தின் "வல்கன்" என்ற ஜெட் குண்டு வீச்சு விமானம் ஒன்றை ராணுவம் 1993-ல் விற்றது. பிறகு ஓர் அறக்கட்டளை, பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்து அதைப் பழுது பார்த்தது. 14 ஆண்டுகள் கழித்து, 2007-ல் வல்கன் மீண்டும் பறந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்து மகிழ்ந்தார்கள்.

ஆனால் 2015-ம் ஆண்டோடு அது நின்றுவிட்டது. விமானத்தின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்பப் பொறுப்பு ஏற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொண்டன. பழைய விமானத்தை அறிந்த நிபுணர்கள் குறைந்துவிட்டதே காரணம்.

பணம் இருந்தால் போர் விமானத்தை வாங்கலாம். அதைப் பறக்க வைப்பது, அதன் உள்ளும் புறமும் தெரிந்த மனிதர்கள்தான்.