மகளுக்காக அருவியில் பாய்ந்தார்!

பொதிகை மலையில் பிறந்து வருகிறது தாமிரபரணி ஆறு. நெல்லை மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே, பெரும் பாறைகளுக்கு நடுவே அது அருவியாக விழுகிறது. அங்கே கல்யாண தீர்த்தம் என்று ஓர் இடம். பார்க்க அழகு, கால் வைத்தால் ஆபத்து. பாறை வழுக்கும். கீழே ஆழமான கசம்.

1925-ம் ஆண்டு ஜூன் மாதம், நாடறிந்த ஒரு வீரரை அந்த அருவி விழுங்கிவிட்டது. அவர்தான் வ. வே. சு. ஐயர்.

சீக்கியர் வேடம்

ஐயர் 1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தார். வக்கீலாக இருந்தார். பாரிஸ்டர் ஆவதற்காக 1907-ல் லண்டன் போனார். அங்கே சவர்க்கரைச் சந்தித்தார். சுதந்திர வேட்கை பற்றிக்கொண்டது.

பரீட்சையில் தேறினார். ஆனால், பட்டம் பெற ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். ஐயர் மறுத்துவிட்டார். பட்டம் போயிற்று!

1910-ல் போலீசார் அவரைத் தேடினார்கள். ஐயர் தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியராக மாறினார். பெட்டியில் இருந்த வி. வி. எஸ். என்ற எழுத்துகளுக்கு, வீர விக்ரம் சிங் என்று பெயர் சொன்னாராம்! அந்த ஆண்டே புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். ஆங்கிலேயர் அங்கே கைது செய்ய முடியாது. பாரதியாரும் அரவிந்தரும் அங்கேதான் இருந்தார்கள்.

பேனா பிடித்த கை

துப்பாக்கி சுடப் பழகிய கை, பேனா பிடித்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதினார். 'குளத்தங்கரை அரசமரம்' என்ற புகழ்பெற்ற சிறுகதையும் அவருடையதே.

1920-ல் புதுச்சேரியை விட்டு வந்து, 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 9 மாதச் சிறை! சிறையிலும் சும்மா இருக்கவில்லை. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

குருகுலத்தில் புயல்

பின்னர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. நாட்டு விடுதலைக்குப் போராடியவர் நடத்தும் பள்ளியில், பந்தியில் வேற்றுமையா என்று ஊரெல்லாம் கேட்டது. நியாயமான கேள்விதான். 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

கடைசிப் பாய்ச்சல்

பிறகு சில வாரங்களே ஆகியிருந்தன. மாணவர்களோடு ஐயர் பாபநாசம் அருவிக்குப் போனார். மகள் சுபத்திராவும் உடன் வந்திருந்தாள். நீரைத் தாண்ட முயன்றபோது அவள் கால் தவறியது. வெள்ளம் இழுத்துச் சென்றது.

ஐயர் ஒரு கணமும் தயங்கவில்லை. பின்னாலேயே பாய்ந்தார். மகளும் பிழைக்கவில்லை, தந்தையும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

லண்டனிலிருந்து புதுச்சேரி வரை போலீசார் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பியவர் அவர். மகள் தண்ணீரில் விழுந்தபோது, தம் உயிரைப் பற்றி நினைக்கவே இல்லை!